மறுமொழி: அடிக்கோட்டின் ‘மரபுரிமை’யும் ‘அலங்காரப் பெட்டி’யும்

ஐயா, வணக்கம்.

வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் ஆவணத்தைத் தமிழாக்குவதற்காக, அடிக்கோட்டை இடும் பெட்டிக்கு ‘அலங்காரப் பெட்டி’ என்றும், அக்கோடு அப்பெட்டிக்குள் இருக்கும் கூறுகளுக்கும் செல்வதற்கு ‘மரபுரிமை’ என்றும் தாங்கள் முன்மொழிந்திருந்தீர்கள். முதலாவது ஒப்பனைப் பேழையை நினைவூட்டுகிறது என்பது சிறு குறைதான். இரண்டாவதோ பொருளையே மாற்றிவிடுகிறது.

நீல எழுத்தில் அமைந்த தொடர் ஒன்று முழுவதற்கும் அடிக்கோடு இட்டிருப்பதாகக் கொள்வோம். அதற்குள் ஒரு சொல் சிவப்பாகவும், மற்றொன்று இருமடங்கு பெரிதாகவும், ஓர் எண் மேலெழுத்தாகவும் இருக்கின்றன. எழுத்தின் நிறத்தைப் போலவே அடிக்கோடும் மரபுரிமையாகச் சென்றால், ஒவ்வொரு துண்டும் தன் நிறத்தில், தன் அளவுக்கேற்ற தடிமனில் தனிக்கோடு இட்டுக்கொள்ள, அது படிக்கட்டுபோல ஏறி இறங்கும். 2011இல் பரிந்துரையாக வெளிவந்த சிஎஸ்எஸ் 2.1 இதற்கு இடந்தரவில்லை. கோட்டின் நிறம் அதை இட்ட கூறிலிருந்தே வரவேண்டும்; உள்ளே நிறம் மாறினாலும் கோடு மாறாது. கோட்டின் இடத்தையும் தடிமனையும் கணக்கிடும்போது உலாவி உள்ளிருக்கும் எழுத்தளவுகளைக் கருதலாம். ஆயினும் ஒரு வரிக்குள் அவை ஒன்றாகவே இருக்கவேண்டும். உள்ளிருக்கும் கூறுக்குக் கோடு வேண்டாம் எனப் பொருள்படும் ‘none’ என்ற மதிப்பைக் கொடுத்தாலும் மேலிருந்து வந்த கோடு அழியாமல் நிற்பதைப் பார்த்துத் திகைக்காத வலை வடிவமைப்பாளர் அரிது. மரபுரிமையாகப் பெற்றதாயின் மறுத்துவிடலாம். இது பெற்றதன்று, மேலுள்ளவரின் கோடு கீழே ஓடுகிறது, அவ்வளவே.

ஆகவே ‘படர்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கொடியின் வேர் ஓரிடத்தில் இருக்க, அது பல கிளைகளின்மேல் படர்கிறது. கிளைகள் கொடியை ஈன்றவை அல்ல. ‘பரவல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் புள்ளியியல் பாடநூல்கள் அச்சொல்லை வேறு பொருளில் நிலைநிறுத்திவிட்டன. மேலும், ஓரமாக ஒதுங்கி நிற்கும் மிதவைக் கூறுகள், தனித்து நிலைநிறுத்தப்பட்டவை, வரிக்குள் தனிப்பெட்டியாக அமையும் இன்லைன் பிளாக் ஆகியவற்றுக்குள் இக்கோடு நுழைவதில்லை. ‘படர்வு அங்கே நிற்கிறது’ என்று இயல்பாகச் சொல்லலாம், ‘மரபுரிமை நிற்கிறது’ என்றால் வழக்காடுமன்ற வாடை அடிக்கும்.

பெட்டிக்கு ‘அணிசெய் பெட்டி’ எனலாம். மேற்கோடும் நடுக்கோடும் இதே விதியில் அடங்குவதால் ‘அடிக்கோட்டுப் பெட்டி’ போதாது. வினைத்தொகையாக இருப்பதால், கோட்டைத் தாங்கும் உள்பெட்டியை ‘அணிபெறு பெட்டி’ என்று இணையாக வழங்கவும் இயலும்.

எழுத்தின் பகுதி குறுக்கிடும் இடத்தில் கோடு இடைவெளி விட்டுச் செல்வதற்குத் தாங்கள் தந்த ‘மை தவிர்ப்பு’ எனக்கு உடன்பாடே. திரையில் மை ஏது என்று கேட்போருக்கு, ஆங்கிலத் திரையிலும் மை இல்லை என்பதே விடை.

ஆவணத்தில் இப்படி அமையும்: “அணிசெய் பெட்டியின் கோடு அதன் அணிபெறு பெட்டிகள் அனைத்தின்மீதும் படரும், படர்வின்போது நிறம் மாறாது.” மூல வாசகத்தைப் பாராமல் இதைப் படிப்பவருக்குப் பொருள் விளங்குகிறதா என்று தாங்கள் சோதித்துச் சொன்னால், சொல்லடைவில் சேர்த்துவிடலாம்.