பாதி ரவுண்டில் அணைந்த டார்ச்

ராக்காவல்:
இரவு இரண்டே கால். பின்பக்க வேலி ஓரமாக ரவுண்டு போய்க்கொண்டிருந்தேன். வேலிக் கோடியில் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின. நாயா, வேறு எதுவுமா என்று பார்க்க டார்ச்சை முழு வெளிச்சத்துக்குத் தட்டினேன். மூன்று தடவை மினுக்கிவிட்டு அணைந்தே போனது. கண்களும் அதோடு காணாமல் போயின. அதுதான் பயம். நின்ற இடத்திலேயே நின்றேன். சருகு மிதிபடும் சத்தம் கேட்டது, ஆனால் என் பக்கமாக வருகிறதா விலகிப் போகிறதா என்று சொல்ல முடியவில்லை.

பேட்டரியை உள்ளேயே வைத்து அடைத்த மாடல் அது. வயரில் சொருகி மணிக்கணக்கில் காத்திருந்தால்தான் மறுபடி எரியும். இனி செல் மாற்றக்கூடியதுதான், தூரமும் அடிக்க வேண்டும். வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் சொல்லுங்கள், நீங்கள் எதில் ஏமாந்தீர்கள்?

கம்பமேறி:
உங்களுடையதாவது அணைந்து தொலைத்தது. என்னுடையது ஜோராக எரிந்தும் பிரயோஜனம் இல்லை. மழை விட்ட ராத்திரி, கரண்ட் லைன் டிரிப். எந்தக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் போயிருக்கிறது என்று கீழே நின்று பார்க்க வேண்டும். டப்பாவில் 10,000 லூமென் என்று போட்டிருந்த டார்ச்சை எரித்தேன். புல், புதர், என் பூட்ஸ் எல்லாம் பட்டப்பகல். மேலே பீங்கான் மட்டும் சாம்பல் திட்டு. கூட வந்த பெரியவர், "அதை அணைப்பா, கண்ணு கூசுது" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய டார்ச்சை எடுத்தார். 1000 லூமென்கூடத் தேறாது, ஆனால் முகப்பு உள்ளங்கை அகலம். அந்தக் குறுகிய வெளிச்சத்தில் பீங்கானின் இரண்டாவது தட்டில் கருகிய கோடு தெரிந்தது.

லூமென் என்பது மொத்த வெளிச்சம். அதை ஒரே திசையில் எவ்வளவு ஒடுக்கி அனுப்புகிறது என்பதுதான் கேண்டெலா. நான் லூமெனைப் பார்த்து வாங்கி ஏமாந்தேன்.

மதகுக்காரன்:
கம்பமேறி சொல்வது பாதிதான் சரி. அவர் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர். ஊசி மாதிரி அடிக்கிற டார்ச்சோடு கால்வாய்க் கரையில் நடந்து பாருங்கள். தூரத்தில் மதகுச் சக்கரத்தின் பற்கள்கூடத் தெரிந்தன எனக்கு. காலடியில் இருந்த பள்ளம் தெரியவில்லை. முழங்காலில் ஏழு தையல். ராக்காவலும் நடக்கிறவர்தானே? நடுவில் கூர்மையாகவும் சுற்றிலும் மெல்லிய படர்வாகவும் அடிப்பதாக வாங்குங்கள்.

கம்பமேறி:
நடப்பதைப் பற்றி நான் பேசவே இல்லையே. நடக்கத் தலையில் மாட்டும் லைட் இருக்கிறது. ஒரே டார்ச்சில் எல்லாம் வேண்டும் என்றால் முழங்கால்தான் போகும்.

ரெண்டு செல்:
எதற்கு இத்தனை வாதம்? சாதாரண பென்சில் செல் போடுவதை வாங்கினால் எங்கேயும் செல் கிடைக்கும். நான் அப்படித்தான் வாங்கினேன். நான்கு மாதம் பெட்டியில் கிடந்தது, அவசரத்துக்குத் திறந்தால் செல் கசிந்து குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டியும் வரவில்லை. ம்ம், எழுதும்போதுதான் தெரிகிறது, என் பக்கத்துக்கே இது சாட்சி இல்லை.

ஷிப்ட் சூப்பர்வைசர்:
என் கதை சின்னது. டார்ச்சில் போடும் லித்தியம் செல், 18650 என்பார்கள், அதில் உபரி ஒன்றைச் சாவிக்கொத்து இருந்த பாக்கெட்டில் போட்டேன். சாவி இரண்டு முனையையும் தொட்டுவிட்டது. பேண்ட்டோடு பிய்த்து எறிந்தேன், தொடையில் தழும்பு இன்னும் இருக்கிறது. உபரி செல்லை பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

இன்னும் சில விஷயம். "மாற்றக்கூடிய பேட்டரி" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். சில டார்ச்சுகளில் அந்தக் கம்பெனி செல் மட்டுமே வேலை செய்யும். பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே முனையில் இருக்கும். பொதுவான 18650 அல்லது 21700 போடுகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு எண் விட்டம், அடுத்த இரண்டு நீளம்: 18 மில்லிமீட்டர், 65 மில்லிமீட்டர். பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த செல் அதைவிடச் சில மில்லிமீட்டர் நீளம். சில டார்ச்சுகளில் அதைப் போட்டால் மூடி மறையேறாது, சிலவற்றில் அந்த நீளம் இல்லாவிட்டால் செல் ஆடும். 18650-இல் கொள்ளளவு 9900 எம்ஏஹெச் என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல செல்லே 3500-ஐச் சுற்றித்தான் இருக்கும்.

தூரக் கணக்கும் அப்படித்தான். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் டப்பாவில் போடுகிற மீட்டர் வரும். 40,000 என்றால் 400 மீட்டர். ஆனால் அங்கே போய் விழுவது கால் லக்ஸ், கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். அதில் ஆளை அடையாளம் காண முடியாது. பாதித் தூரத்தையே நம்புங்கள். தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு கேண்டெலா வேண்டும். முழு வெளிச்சமும் சில நிமிடம்தான், சூடானதும் தானே குறைத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் எங்கள் ஷிப்டிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம், கையுறை போட்டுக்கொண்டு இருட்டில் செல் மாற்றிப் பழகுங்கள்.

ராக்காவல்:
பழகினேன். முதல் நாள் செல் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது, அதைத் தேட போன் லைட் போட வேண்டியதாயிற்று. இப்போது மூடியைத் திருகிக் கழற்றி வாயில் கவ்விக்கொள்கிறேன், இருபது எண்ணுவதற்குள் முடிகிறது. ஒற்றை 21700 போடும் டார்ச், சட்டைப்பையில் டப்பாவோடு ஒரு உபரி.

நேற்று அதே இடத்தில் நின்று அடித்தேன். கண்கள் இல்லை. வேலிக்கு அடியில் மண் பறித்திருக்கிறது, கம்பியில் பழுப்பு முடி சிக்கியிருக்கிறது. நாய் முடி மாதிரிதான் இருக்கிறது. மாதிரிதான்.