கியர் இல்லாத சைக்கிளில் மதுரை – ராமேஸ்வரம்: அடுத்த நெடும்பயணத்துக்கு முன் எதை மாற்றுவது?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெடலோடு சுற்றும் 44 பல் செயின் வீலும், பின்சக்கரத்தில் 16 பல் ஃப்ரீ வீலும் கொண்ட கியர் இல்லாத சைக்கிளில், பொங்கல் விடுமுறையில் மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை சென்று முடித்தேன். தூரம் ஏறத்தாழ 170 கி.மீ. அதுவரை அழகர்கோவில் போய்த் திரும்புவதே எனக்கு நீண்ட பயணமாக இருந்தது.

அதிகாலையில் தெப்பக்குளத்திலிருந்து புறப்பட்டு, சிலைமான், திருப்புவனம் கடந்து மானாமதுரையில் இட்லி சாப்பிடும் வரை களைப்பு என்பதே தெரியவில்லை. பரமக்குடி வரையிலும் சாலை சமதளமாக இருந்ததால் ஒரே சீராக மிதிக்க முடிந்தது. ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளியை நெருங்கியபோதுதான் நிலைமை மாறியது. இடப்பக்கம் முன்னாலிருந்து ஓயாமல் வீசிய காற்றில், பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டியிருந்தது. பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் நடுப்பகுதி வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போய், அதன் பிறகே ஏறி மிதித்தேன். ராமேஸ்வரம் சென்று சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அதன் பிறகு சில நாட்கள் முழங்காலின் முன்புறத்தில் வலி இருந்தது, இப்போது இல்லை.

அடுத்து 200 கி.மீ. பிரவே (குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றில் கலந்துகொள்ள விரும்புகிறேன். இதே சைக்கிளில் 18 பல் ஃப்ரீ வீல் போட்டுக்கொண்டால் போதுமா, அல்லது கியர் சைக்கிள் வாங்குவதுதான் அறிவுடைமையா? மேலும், பாலத்தில் தள்ளிக்கொண்டு போனதால் இதை முழுப் பயணமாகக் கொள்ள முடியாது என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். இதிலும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பல்சக்கரம் எழுதியது:

முதலில் வாழ்த்துகள். ஃப்ரீ வீல் பற்றிய கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை காணலாம். உங்கள் சக்கரத்தின் சுற்றளவு தோராயமாக 2.1 மீட்டர் என்று கொண்டால், 44-க்கு 16 என்ற அமைப்பில் பெடல் ஒரு முழுச் சுற்று வரும்போது சைக்கிள் ஏறத்தாழ 5.8 மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 28 கி.மீ. வேகம் கிடைக்கும். காற்றில்லாத காலை நேரத்தில் இது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எதிர்காற்றில் வேகம் 15 கி.மீ.க்கு இறங்கும்போது, அதே அமைப்பில் உங்கள் கால்கள் நிமிடத்துக்கு 43 சுற்றுதான் சுற்றும். அத்தனை மெதுவாக, அத்தனை அழுத்தி மணிக்கணக்கில் மிதித்தால் முழங்கால் வலிக்காமல் என்ன செய்யும்?

18 பல் போட்டால் அதே 15 கி.மீ. வேகத்தில் அந்த 43 என்பது 49 ஆகும், மிதிப்பதும் இலகுவாகும். 20 பல் போட்டால் 54 ஆகும். 20 பல்லில் 80 சுற்றுக்கு 22 கி.மீ. வேகம்தான் வரும் என்பது உண்மையே. ஆயினும் 200 கி.மீ. பிரவேக்கு அளிக்கப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். ஓய்வையும் உணவையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 15 கி.மீ. போனால் போதும். எனவே கியர் இல்லாதவர்கள் பல் எண்ணிக்கையை நாளின் சிறந்த மணி நேரத்துக்காக அல்லாமல், மிக மோசமான மணி நேரத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன்.

தள்ளிக்கொண்டு போவதைப் பொறுத்தவரை, பிரவே விதிகளில் அதற்குத் தடையில்லை. மனித உழைப்பால் மட்டுமே, நேரத்துக்குள் கடந்தால் சரி. 1910-இல் தூர் த பிரான்ஸ் என்ற பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் போட்டி முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாய் வழியாகச் சென்றபோது, புகழ்பெற்ற வீரர்களே இறங்கித் தள்ளினார்கள். உங்கள் நண்பர் அந்தப் போட்டியையும் செல்லாது என்று அறிவிப்பாரா?

முகவைக் காற்று எழுதியது:

நான் ராமநாதபுரத்துக்காரன். மண்டபம் சாலையில் அடிக்கடி மிதிப்பவன் என்ற முறையில், பல்லை விடக் காலத்தைப் பார்க்கச் சொல்வேன். தை மாதத்தில் எங்கள் பக்கம் வாடைக்காற்றுதான்; வடகிழக்கிலிருந்து வரும். மதுரையிலிருந்து வருபவர் ராமநாதபுரத்தைத் தாண்டியதும் ஏறக்குறைய கிழக்கு நோக்கி மிதிப்பதால், அது இடப்பக்கம் முன்னாலிருந்துதான் அடிக்கும். இதே பயணத்தை ஆடியில் செய்தால் தென்மேற்குக் காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வெயிலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி, பாலத்தின் மேல் எந்த மாதத்திலும் காற்று உண்டு. கப்பல் போவதற்காக நடுப்பகுதியை உயர்த்திக் கட்டிய பாலம் அது. ஏற்றமும் பக்கக் காற்றும் சேர்ந்து வருவதோடு, வேடிக்கை பார்ப்பவர்கள் நிறுத்தி வைத்த வண்டிகளை விலகிச் செல்லவும் வேண்டும். அங்கே இறங்கித் தள்ளியதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

இன்னொன்று. நீங்கள் பஞ்சரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை; கொடுத்து வைத்தவர். பரமக்குடிக்குக் கிழக்கே சாலையின் இருபுறமும் சீமைக் கருவேலம்தான். வெட்டிய கிளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்து முள் தார்ச்சாலையிலும் விழுந்து கிடக்கும். ஓரத்து மண்ணில் சைக்கிளை இறக்கினால், ஏறும்போது டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். முள்ளின் நுனி முறிந்து டயரின் உட்புறத்தில் தங்கிவிட்டால், டியூபை எத்தனை முறை ஒட்டினாலும் காற்று நிற்காது. உள்ளே துணியால் துடைத்தால் நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும்.

பெண்டு எடுப்பவர் எழுதியது:

தம்பி, சைக்கிள் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கியர் சைக்கிள் வாங்கும் பணத்தை இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் ஏறும் ஆசை வந்தால் அப்போது வாங்கலாம். மலைக்கு இந்தச் சைக்கிளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முழங்காலின் முன்புறம் வலித்தது என்றால் பல்லை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, சீட்டையும் பாருங்கள். சீட்டில் நேராக உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நீண்டு நிமிர வேண்டும். அங்கே முழங்கால் மடங்கியிருந்தால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். நம் ஊரில் பெரும்பாலோர், இரு பாதங்களும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். கடைத்தெருவுக்குப் போய்வர அது போதும், நெடுந்தூரத்துக்கு ஆகாது.

இரண்டாவது, ஃப்ரீ வீலை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். மிதிக்க மிதிக்க மரை இறுகிக்கொண்டே போகும் பொருள் அது. கழற்றும் கருவி பொருந்தும் காடி உடைந்தால், பிறகு எடுப்பது பெரும்பாடு. கடைக்குக் கொண்டு போகும்போது செயினையும் அளக்கச் சொல்லுங்கள். ஓர் அடிக்கு 24 கண்ணிகள் சரியாக இருக்க வேண்டும். அது எட்டில் ஓர் அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ந்த செயினைப் புதிய பல்லில் போட்டால், அந்தப் பல்லும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

வைகைக்கரையான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சீட்டை அளந்து பார்த்தேன். முழங்கால் நன்றாகவே மடங்குகிறது. உயர்த்திவிட்டேன். 20 பல் மதுரைக்குள் ஓட்ட மெதுவாக இருக்கும் என்பதால், முதலில் 18 போட்டுப் பார்க்க எண்ணியிருக்கிறேன். இப்போதுள்ள செயின் நீளம் அதற்குப் போதுமா?

பெண்டு எடுப்பவர் எழுதியது:

இரண்டு பல் கூடினால் பின்சக்கரம் கால் அங்குலம் முன்னால் வரும். பின்சக்கர அச்சு உட்காரும் பிளவில் அவ்வளவு இடம் இருந்தால் இதே செயின் போதும். இல்லாவிட்டால் ஓர் அங்குலம் சேர்க்கச் சொல்லுங்கள். நட்டை இறுக்கிய பிறகு, மேல்பக்கச் செயினை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். அரை அங்குலம் ஆட வேண்டும். பெடலை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். 15 எண் ஸ்பானர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வழியில் பின்சக்கரத்தைக் கழற்ற முடியாது.