மிச்ச உல்லன்ல சால்வை, சரியா வருமா?

மீதி விழுந்த உல்லன் உருண்டை ஒரு பை நிறைய சேந்துடுச்சுங்க, எல்லாம் குட்டி குட்டியா, ஒண்ணு தடிமன் ஒண்ணு மெலிசு, இதை வச்சு கலர் கலரா சால்வை பின்னலாம்னு ஆசை. ஆனா கலர் மாத்துற இடத்துல எல்லாம் நுனி தொங்குமே, அத்தனையும் ஊசில கோத்து உள்ள சொருகணும்னு நினைச்சாலே கை வலிக்குது. வேற வழி இருக்கா?

பதில் 1: இருக்கே! சால்வையோட நீளவாக்குல கண்ணி (ஊசில போடுற முதல் வரிசை வளையம்) ஏத்துங்க, 200க்கு மேல வரும், வளைய ஊசி (ரெண்டு ஊசியை நடுவுல வயர் இணைச்சிருக்கும்) வேணும். ஒவ்வொரு வரிசைக்கும் புது கலர், ரெண்டு பக்கமும் 15 செ.மீ. நூல் விட்டுடுங்க. கடைசியில அதையே நாலஞ்சா சேத்து முடிச்சு போட்டா குஞ்சம் ரெடி, சொருகுற வேலையே கிடையாது. ஒரு வரிசைக்கு சால்வை நீளத்தை விட மூணு மடங்குக்கு மேல நூல் இழுக்கும், அளந்துட்டு ஆரம்பிங்க. நான் அளக்காம போய் பாதி வரிசைல நூல் தீந்து மொத்தமும் பிரிச்சேன் 😭

பதில் 2: மெலிசு நூலை ரெண்டு இழையா சேத்து பிடிங்க, தடிமன் ஓரளவு ஒத்துப்போகும். அக்ரிலிக்னு சொல்ற செயற்கை நூலும் நிஜ கம்பளி நூலும் கலந்துட்டீங்கன்னா சுடுதண்ணில போட்டுடாதீங்க, கம்பளி மட்டும் சுருங்கி சால்வை கோணிக்கும். அடர் சிவப்பை முதல்ல ஈர வெள்ளைத் துணில அழுத்திப் பாருங்க, சாயம் போகுதான்னு தெரிஞ்சிடும்.

கேட்டவர்: குஞ்சம் ஐடியா சூப்பர்ங்க, இன்னைக்கே அளக்குறேன். கலரை எப்படி அடுக்குறது, கண்ணை மூடி எடுக்கவா?

பதில் 1: எடுங்க, ஆனா நடுநடுவுல சாம்பல் மாதிரி ஒரே கலர் வந்துட்டே இருக்கட்டும், இல்லைன்னா கந்தல் மாதிரி தெரியும்.