ஏ6000-ல் ஹீலியோஸ் 44-2: கிட்ட அருமை, கோட்டைக் கோபுரம் மட்டும் மங்கல். ஏன்?

சத்துவாச்சாரி_சதுரம்:

எல்லோருக்கும் வணக்கம். மாமா வீட்டுப் பரணில் ஒரு ஜெனிட் ஃபிலிம் கேமரா கிடந்தது. ஷட்டர் செத்துவிட்டது, ஆனால் லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஹீலியோஸ் 44-2-ஐ (58 மி.மீ., எஃப்/2) மாமாவே கழற்றிக் கொடுத்தார். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சோனி ஏ6000. ஆன்லைனில் எம்42 அடாப்டர் (பழைய திருகு லென்ஸைச் சோனியில் மாட்ட உதவும் வளையம்) வாங்கி மாட்டினேன். முதலில் ஷட்டரே விழவில்லை. மெனுவில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' என்பதை எனேபிள் செய்ததும் அது சரியாகிவிட்டது.

கிட்டத்தில் எடுத்தால் சொக்கிப் போகிறேன். மகளை மாடியில் முருங்கை மரத்துக்கு முன்னால் நிற்கவைத்து, துளையை முழுக்கத் திறந்து எஃப்/2-ல் எடுத்தேன். பின்னால் இலை எல்லாம் சுழன்றுகொண்டு நிற்கிறது. ஆனால் வேலூர்க் கோட்டைக்குப் போய் அகழிக்கு வெளியே நின்று ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை எடுத்தால் புகை படிந்த மாதிரி வருகிறது. ஃபோகஸ் ரிங்கை முடிவிலிக் குறிக்குக் கொண்டுபோய்விட்டேன், அதற்கு மேல் திரும்பாது. துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தால் சுமாராக இருக்கிறது.

இன்னொன்று, இது முக்கியமா தெரியவில்லை: லென்ஸை முழுக்கத் திருகினால் தூரம் எழுதியிருக்கும் எண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன. அதனால் எண்கள் மேலே வரும் இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பாலாற்றங்கரை போகவும் ஆசை. இந்த லென்ஸை நம்பலாமா, இல்லை காசு சேர்த்து ஆட்டோஃபோகஸ் லென்ஸே வாங்கிவிடலாமா?

குடியாத்தம்_கல்யாண_கேமரா:

அடாப்டர் மட்டமான சரக்காக இருக்கும், வேறு வாங்குங்கள். அப்புறம் ஹீலியோஸ் எஃப்/2-ல் அப்படித்தான், தூரத்தில் கூர்மையாக வராது. முகம் எடுக்கத்தான் லாயக்கு. உங்கள் கேமராவில் 58 என்பது 87 மி.மீ. மாதிரிப் பார்க்கும், அதுவும் முகத்துக்கு ஏற்ற அளவு.

திருவிழா விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள். எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுக் கூட்டத்தில் இடுப்பை அசைக்க இடம் இருக்காது, அதில் ரிங்கைத் திருகிக்கொண்டு நிற்பதா? தாலி கட்டும் நேரத்தில் மேனுவல் லென்ஸோடு நின்றால் பெண் வீட்டுக்காரர் நம் கழுத்தைத் திருகிவிடுவார். சம்பாத்தியத்துக்கு ஆட்டோஃபோகஸ், ஆசைக்கு ஹீலியோஸ். நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சிப்காட்_டர்னர்:

தம்பி, அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே. பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. முக்கியமா தெரியவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

ராணிப்பேட்டையில் லேத்தில் நின்று வயதானவன் நான், அதனால் அளவாகவே சொல்கிறேன். எம்42 லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். உன் சோனியில் மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை 18 மி.மீ. மீதி 27.46 மி.மீ.யை நிரப்பத்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் குழாய். மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸ் எல்லாம் பொருந்துவதற்குக் காரணமே இந்த இடைவெளிதான். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மவுன்ட்டிலிருந்து சென்சாருக்கே 46.5 மி.மீ. அதில் எம்42-ஐ மாட்டினால் குழாய்க்கு இடமே இல்லை, தூரமும் வராது. நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால்தான் உண்டு.

சரி, உன் கதைக்கு வருகிறேன். எம்42 என்றால் 42 மி.மீ. விட்டம், மரையின் பிட்ச் 1 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு லென்ஸ் 1 மி.மீ. நகரும். எண்கள் மேலே வரட்டும் என்று நீ அரைக்கால் சுற்று (எட்டில் ஒரு பங்கு) முன்னாலேயே நிறுத்தினால் லென்ஸ் 0.125 மி.மீ. வெளியே நிற்கும். இவ்வளவுதானே என்று தோன்றும். குவிய நீளத்தை அதாலேயே பெருக்கி அந்த இடைவெளியால் வகுத்துப் பார்: 58 × 58 ÷ 0.125, ஏறக்குறைய 27 மீட்டர். ரிங்கை முடிவிலியில் வைத்தாலும் உன் லென்ஸ் 27 மீட்டருக்கு மேல் பார்க்காது. அகழிக்கு வெளியே நின்றால் கோபுரம் அதைவிட எத்தனையோ மடங்கு தள்ளி அல்லவா இருக்கிறது! எஃப்/8-ல் சுமாராக வந்ததற்கும் காரணம் இதுதான். துளை சின்னதானதும் அந்தப் பிசகு பாதி மறைந்துவிட்டது. குடியாத்தம் தம்பி சொன்ன மாதிரி ஹீலியோஸ் எஃப்/2-ல் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் புகை மாதிரி இருக்காது.

லென்ஸை அடிவரை திருகு, தோள் போய் முட்ட வேண்டும். எண்கள் சாய்வதற்கும் வழி இருக்கிறது. அடாப்டரின் பக்கவாட்டில் மூன்று பொடி ஸ்க்ரூ இருக்கிறதா பார். பல அடாப்டர்களில் இருக்கும். லென்ஸை இறுக்கிய பிறகு அந்த மூன்றையும் லேசாகத் தளர்த்தினால் உள்வளையம் லென்ஸோடு சேர்ந்து சுற்றும். குறியை மேலே கொண்டுவந்து மறுபடி இறுக்கிவிடு. ஸ்க்ரூ இல்லாத அடாப்டர் என்றால் எண்கள் சாய்ந்தே இருக்கட்டும், படத்துக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

அதற்கும் சரியாகாவிட்டால் வெர்னியர் வைத்து அடாப்டரை மூன்று இடத்தில் அளந்து பார். 27.46-க்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது, அப்படி வேண்டுமென்றே செய்பவர்கள் உண்டு. முடிவிலியைத் தாண்டி ரிங் கொஞ்சம் ஓடும், அவ்வளவுதான். அதிகமாக இருந்தால் தூரம் வராது. மூன்று இடத்திலும் மூன்று அளவு காட்டினால்தான் கவலை, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். எம்ரி பேப்பரில் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதே. கையால் தேய்த்த முகம் மட்டமாக இருக்கவே இருக்காது.

சத்துவாச்சாரி_சதுரம்:

அண்ணா, அடிவரை திருகினேன், கோபுரத்துப் பொம்மைகள் எஃப்/2-லேயே எண்ணும்படி தெரிகின்றன. பொடி ஸ்க்ரூ மூன்றும் இருந்தன, எண்களும் மேலே வந்துவிட்டன. மிகவும் நன்றி.

இப்போது வேறு ஒரு தொல்லை. சாயங்காலம் வெயில் எதிரே இருக்கும்போது படத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுகிறது, கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடுகிறது. கல்யாண மண்டபத்துத் தூண்களை எடுக்கும்போது பீக்கிங் கோடு (ஃபோகஸ் ஆன இடம் இது என்று கேமரா திரையில் போடும் வண்ணக் கோடு) குதிரை, யாளி, சுவர் என்று எல்லா இடத்திலும் மின்னுகிறது. எதை நம்புவது?

சிப்காட்_டர்னர்:

வெள்ளைத் திட்டுக்கு இப்போது அடாப்டரைத் திட்டிக்கொள், அனுமதி தருகிறேன். கழற்றி ஜன்னல் பக்கம் பிடித்து உள்ளே பார். உள்சுவர் கறுப்பாக இருந்தாலும் எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும். ஹீலியோஸ் ஃபிலிம் அளவுக்கு ஒளிவட்டம் வீசுகிறது, உன் சென்சார் அதைவிடச் சின்னது. மிச்ச வெளிச்சம் அந்தப் பளபளப்பில் பட்டு சென்சார் மேல் தெறிக்கும். ஒட்டுகிற வெல்வெட் தாள் கறுப்பில் கிடைக்கும். அளந்து வெட்டி உள்சுவரில் ஒட்டு. நார் உதிராத தாளாகப் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் சென்சாரில் தூசி பொறுக்கிக்கொண்டிருப்பாய். லென்ஸுக்கு முன்னால் 49 மி.மீ. மரையில் ஒரு ஹூட் போடு. பழைய கோட்டிங்குக்கு ஹூட் இல்லாமல் நம் ஊர் வெயில் ஆகாது.

பீக்கிங் விஷயம். அது ஃபோகஸைக் காட்டுவதில்லை, வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறும் ஓரத்தைக் காட்டுகிறது. கருங்கல்லில் உளி பட்ட ஒவ்வொரு புள்ளியும் அப்படி ஓர் ஓரம்தான். அதனால் மண்டபத்தில் பீக்கிங்கை அணைத்துவிடு. ஃபோகஸ் மேக்னிஃபையரை ஒரு பட்டனில் போட்டுவைத்து, குதிரையின் கண்ணிமையைப் பெரிதாக்கிப் பார்த்து ரிங்கைத் திருப்பு. கண்ணிமை கூர்மையாகி, தாண்டி, மறுபடி மங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் திரும்பி வந்து நிறுத்து. பின்பக்கத் திரையை விட்டுவிட்டு வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார், கேமராவும் நெற்றியில் முட்டி நிற்கும். ஏ6000-ல் உடம்புக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, ஷட்டர் வேகத்தில் 1/125-க்குக் கீழே இறங்காதே.

44-2-ல் துளைக்கு இரண்டு வளையம் இருக்கும். ஒன்றில் எஃப்/5.6 என்று வரம்பு வைத்துவிட்டால் மற்றதை முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்து, பார்க்காமலேயே 5.6 வரை மூடலாம். அந்தக் காலத்து ஆள் யோசித்துச் செய்த ஏற்பாடு.

மயானக் கொள்ளைக்கு ஹீலியோஸைக் கொண்டுபோகாதே. ஆனால் ஆட்டோஃபோகஸ்தான் வேண்டும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எம்42-லேயே ஒரு 28 மி.மீ. தேடிப் பிடி. எஃப்/8-ல் 3 மீட்டரில் ரிங்கை நிறுத்தினால் ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7.5 மீட்டர் வரை தெளிவாக இருக்கும், அதற்குப் பிறகு ரிங்கைத் தொடவே வேண்டாம். அங்காளம்மன் வேஷக்காரர் உன்மேலேயே பாய்ந்து வந்தாலும் ஃபோகஸ் தயாராக நிற்கும். ஹீலியோஸில் அதே எஃப்/8-ல் 4 மீட்டரில் நிறுத்தினால் முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றரை மீட்டர்தான் கிடைக்கும், கூட்டத்துக்கு அது போதாது.

லென்ஸ் மேல் வரைந்திருக்கும் தெளிவு அளவுகோல் ஃபிலிமுக்குப் போட்டது. உன் சென்சாருக்கு ஒரு ஸ்டாப் (துளை அளவில் ஒரு படி) குறைத்துப் படி: எஃப்/8 வைத்திருந்தால் 5.6 கோடுகளுக்கு நடுவில் இருப்பதைத்தான் நம்பு. போவதற்கு முன்னால் வீட்டில் டேப் பிடித்து 3 மீட்டர் அளந்து, மேக்னிஃபையரில் ஃபோகஸ் செய்து, ரிங் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார். அடாப்டர் மெல்லியதாக இருந்தால் எண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும். நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வை.

குடியாத்தம்_கல்யாண_கேமரா:

டர்னர் அண்ணா, வெளிச்சம் இருக்கும்வரை சரி. பொழுது சாய்ந்த பிறகு எஃப்/8-ல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) எங்கே போய் நிற்கும் என்றும் தம்பிக்குச் சொல்லிவிடுங்கள்.

சிப்காட்_டர்னர்:

நியாயம். வெயில் தாழ்ந்தால் பையில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆம்பூர்_தோல்:

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பரணில் கிடந்த லென்ஸ் என்றால் முதலில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே விட்டால் கோட்டிங்கைத் தின்றுவிடும். ஜெனிட்டோடு தோல் உறையும் கிடைத்திருக்குமே, அதில் மட்டும் வைக்காதீர்கள். தோல் தொழிலிலேயே இருக்கிறவன் சொல்கிறேன், தோல் ஈரத்தை விடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சைக்கு அது போதும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். நீல மணி ரோஸ் நிறமாக மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகிவிடும். சமைக்கிற வாணலியை எடுக்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.