கைப்பேசியில் மெனு குழப்புகிறது: பினாங்குக் கடையின் அகப்பக்கத்துக்கு உதவி தேவை

கேள்வி
வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பம் பித்தளைச் சாமான், பூசைப் பொருள், சேலை விற்கிறது. வேர்ட்பிரஸில் உள்ள அகப்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாத் தகவலும் அதில் இருக்கிறது. ஆனாலும் "ஈப்போவுக்கு அனுப்புவீங்களா?", "குத்துவிளக்கு என்ன விலை?" என்று நாள் முழுக்கப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்கிறார்கள்.

மேலே உள்ள மெனு: முகப்பு, எங்கள் பாரம்பரியம், பொக்கிஷங்கள், மங்கலத் தருணங்கள், சேவைகள், தொடர்புக்கு. பொருள் வகைகள் எல்லாம் 'பொக்கிஷங்கள்' கீழே விரியும். கணினியில் மவுஸை வைத்தால் ஒழுங்காக விரிகிறது. கைப்பேசியில் தொட்டால் சிலருக்கு விரிகிறது, சிலருக்கு நேராக வேறு பக்கம் போய்விடுகிறது. மொழியை மாற்றினால் முகப்புக்கே தள்ளிவிடுகிறது. தீபாவளிக்கு முன் சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிரிக்பீல்ட்ஸ் வடிவமைப்பாளர்
முதலில் கைப்பேசிச் சிக்கல். தொடுதிரையில் மவுஸை மேலே வைத்திருப்பது என்ற நிலையே கிடையாது. உங்கள் 'பொக்கிஷங்கள்' ஒரு பக்கத்துக்கு இணைப்பாகவும் இருக்கிறது, துணை மெனுவைத் திறக்கும் பொத்தானாகவும் இருக்கிறது. முதல் தொடுதலை எதற்கு எடுப்பது என்பதில் எல்லா உலாவியும் ஒன்றுபோல் நடப்பதில்லை. இரண்டையும் பிரித்துவிடுங்கள். பெயரைத் தொட்டால் பக்கம் வரட்டும். அருகில் தனியாக ஒரு அம்புக்குறி, அதைத் தொட்டால் துணை மெனு. அந்த அம்புக்குறியின் நிரல்வரியில், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் ஏரியா-எக்ஸ்பேண்டட் (aria-expanded) பண்பையும் சேருங்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கு மெனு திறந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பொத்தானின் அளவு முக்கியம். எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் அமைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) 2.2 கேட்கும் குறைந்தபட்சம் 24 பிக்சல். ஆப்பிள் 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்வது 48. பாட்டிமார் விளக்கு வாங்கும் கடை உங்களுடையது, 44க்குக் கீழே போகாதீர்கள்.

மொழிக்கு பாலிலாங் போன்ற செருகுநிரல் என்றால், ஒவ்வொரு பக்கத்தையும் அதன் மொழிபெயர்ப்போடு இணைத்திருக்க வேண்டும். இணைக்காத பக்கம் முகப்புக்குத்தான் போகும்.

பதில்: பட்டர்வொர்த் ஆசிரியை
தம்பி, விரிவதைச் சரிசெய்தாலும் புலனத்தில் கேள்வி நிற்காது. குத்துவிளக்கு தேடி வருகிறவர் 'பொக்கிஷங்கள்' என்பதை ஏன் தொட வேண்டும்? 'மங்கலத் தருணங்கள்' என்றால் சீர்வரிசையா, மண்டப அலங்காரமா? அனுப்பும் செலவு 'சேவைகள்' உள்ளே இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

உங்களுக்கு வேண்டிய சொற்களை வாடிக்கையாளர்களே எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பழைய செய்திகளைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் சொற்களை எடுங்கள். விளக்கு, சேலை, விலை, அனுப்புவது. அவைதான் மெனு.

அப்புறம் ஒவ்வொரு பொருளின் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, கடைக்கு வருகிற நாலைந்து பேரிடம் கொடுத்து, சேர வேண்டியதைச் சேர்க்கச் சொல்லுங்கள். உருளியை ஒருவர் சமையல் பாத்திரத்தோடு வைப்பார். பூ மிதக்கவிட வாங்குகிறவர் பூசைப் பொருளோடு வைப்பார். அப்படிப் பிரிகிற பொருளை இரண்டு இடத்திலும் காட்டுங்கள்.

கேட்டவர்
நன்றி அக்கா. 'பொக்கிஷங்கள்' அப்பா வைத்த பெயர், எடுக்க விடமாட்டார். இன்னொன்று, தமிழ்ச் சொற்கள் நீளம், கைப்பேசியில் ஒரே வரியில் அடங்காது. எல்லாவற்றையும் மூன்று கோட்டுக் குறிக்குள் போட்டுவிடலாமா?

பதில்: பிரிக்பீல்ட்ஸ் வடிவமைப்பாளர்
வேண்டாம். கண்ணில் படாததைப் பலர் திறப்பதே இல்லை. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழு 2016இல் வெளியிட்ட ஆய்விலும் மறைத்து வைத்த மெனுவை மக்கள் குறைவாகத்தான் பயன்படுத்தினார்கள். விளக்கு, பூசை, சேலை, டெலிவரி நான்கும் எப்போதும் தெரியட்டும். மற்றவை குறிக்குள் போகலாம், பக்கத்தில் 'மெனு' என்று எழுதிவிடுங்கள். எழுத்தைச் சுருக்கி அடக்கப் பார்க்காதீர்கள். வரி உயரம் எழுத்தளவின் 1.5 மடங்குக்குக் குறைந்தால் 'கீ', 'கூ' போன்றவற்றின் சுழிகள் நெருக்கியடிக்கும்.

அப்பாவின் பெயரை முகப்பில் பெரிதாகப் போடுங்கள். அங்கே அது அழகு.

பதில்: பட்டர்வொர்த் ஆசிரியை
மாற்றி முடித்ததும் ஒரு வாடிக்கையாளரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "ஈப்போவில் தங்கை வீடு குடிபோகிறாள், அவளுக்கு ஒரு விளக்கு போய்ச் சேர மொத்தம் எவ்வளவு ஆகும், பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். விரல் முதலில் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திணறினாலும் வழி சொல்லாதீர்கள். அப்பாவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.