தாயில்லாக் குட்டியை வளர்க்கும் சிறுமிக்காகக் கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். தாய் இறந்துவிட்டார், தகப்பன் வெளியூரில் வேலை, வருவதே அரிது. தலை வாரிவிட ஆள் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்பாரும் இல்லை. பேச்சையே மறந்தவள் போல இருந்தாள்.

மூன்று வாரங்களுக்கு முன் பக்கத்து வீட்டு வெள்ளாடு குட்டி போட்டுவிட்டுச் செத்துவிட்டது. அந்தக் குட்டியை இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாக்கை மடித்துப் படுக்கவைத்து, புட்டியில் பால் புகட்டுகிறாள். இப்போது ஓயாமல் பேசுகிறாள், அதனிடம் மட்டும்! பள்ளியில் நடந்ததையெல்லாம் அதன் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இரண்டு நாட்களாகக் குட்டிக்குக் கழிச்சல். ஒரு நாளைக்கு, குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலை நான்கு வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும் என்பார்கள். இவளோ அது கத்தும்போதெல்லாம் கொடுத்துவிடுகிறாள். நாளைக் காலை கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்கிறேன். இன்றிரவு பாலை நிறுத்தலாமா? உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாமா? ஆடு வளர்ப்பவர்கள் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தவர்கள் இருக்கிறீர்களா? குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கவும் நினைக்கிறேன். விடுதிக்கு அனுப்பிவிட்டால் குட்டியைப் பிரிந்து என்ன ஆவாளோ என்றுதான் கை தயங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.