சவுண்ட்பாரில் அட்மாஸ் ஏன் வரவில்லை?

கேள்வி:
சவுண்ட்பார் பெட்டியில் டால்பி அட்மாஸ் (மேலிருந்தும் சத்தம் வருவது போன்ற சரவுண்ட் ஒலி) என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் இணைத்திருக்கிறேன். எந்தப் படம் போட்டாலும் அட்மாஸ் என்று காட்டவே இல்லை. "இதுக்கா இவ்வளவு காசு?" என்கிறார் அப்பா.

பதில் 1:
சவுண்ட்பார் மேல் தப்பில்லை. ஆப்டிகலில் சுருக்கிய 5.1 (ஆறு சேனல் சரவுண்ட் ஒலி) வரைதான் போகும், அட்மாஸ் போகாது. டிவிக்குப் பின்னால் 'ஆர்க்' (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி) என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் மாட்டுங்கள். ஓடிடி அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவில் வருவதால் ஆர்க்கே போதும், டிவியும் அதை அனுப்பக்கூடியதாக இருந்தால். ப்ளூ-ரே டிஸ்க்கில் வரும் ட்ரூஎச்டி என்ற பெரிய ஒலி வடிவை டிவி வழியாக அனுப்பத்தான் ஈ-ஆர்க் (ஆர்க்கின் மேம்பட்ட வடிவம்) வேண்டும்.

பதில் 2:
அப்புறம், டிவி செட்டிங்கில் ஒலி வெளியீடு 'பிசிஎம்' (டிவியே ஒலியைப் பிரித்து அனுப்புவது) என்றிருந்தால் 'பாஸ்த்ரூ' (வந்ததை அப்படியே அனுப்புவது) ஆக்குங்கள். இதைப் பார்க்காமல் ஒரு வாரம் வயரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கேட்டவர்:
பிசிஎம்தான் இருந்தது! இரண்டையும் மாற்றினேன், வந்துவிட்டது. அப்பா இப்போது சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்.